ஐஷம் டோல்சன் தேடிய மனைவி

என் பெயர் கெசையா டோல்சன். வயது பதின்மூன்று. தந்தை காலஞ்சென்ற ஐஷம் டோல்சன், தாய் லெட்டி. தென் கரோலினா மாநிலம் பியூஃபோர்ட் வட்டாரத்தில், அடிமை விடுதலைக்குப் பின் தந்தை வாங்கிய பன்னிரண்டு ஏக்கர் பருத்தி நிலத்தில் உள்ள வீட்டில் வசிக்கிறேன். வீட்டில் எழுதத் தெரிந்தவள் நான் மட்டும். தந்தையின் நில வழக்கில், 1871 டிசம்பர் 4 அன்று நீதிமன்ற எழுத்தர் முன் வேதாகமத்தின் மேல் கை வைத்துச் சொல்வதாவது:

கடந்த மார்ச்சில், அம்மா வயலுக்குப் போயிருந்தபோது, தந்தை என்னை அழைத்து, சபைப் பத்திரிகையில் காணாமற்போன உறவினரைத் தேடி வரும் அறிவிப்பு போல ஒன்று எழுதச் சொன்னார். "என் மனைவி ஹேகரை 1853இல் டெக்சஸ் வியாபாரிக்கு விற்றுவிட்டார்கள், இடக்கண்ணின் கீழ் தீக்காயத் தழும்பு உண்டு, கண்டவர்கள் தெரிவிக்கவும்" என்று அவர் சொன்னபடியே எழுதினேன். படித்துக் காட்டினேன்; இன்னொரு முறை படிக்கச் சொன்னார். அதன் பிறகு, "அடுப்புல போட்டுரு தாயி. உங்கம்மா தாங்க மாட்டா" என்றார். சரி என்றேன். ஆனால் தாளில் ஒரு மைக்கறைகூட இல்லாததால் எரிக்க மனமின்றி மறுநாள் ஆசிரியையிடம் காட்டினேன். அவர் பாராட்டி, தபால்தலை ஒட்டிப் பத்திரிகைக்கு அனுப்பினார். தந்தையிடம் நான் சொல்லவில்லை.

செப்டம்பரில் தந்தை காய்ச்சலில் இறந்தார். உயில் இல்லை. ஐந்து வாரம் கழித்து ஹேகர், அந்த அறிவிப்பைக் கத்தரித்த துண்டோடு வந்தார். அம்மா அவருக்குச் சோறும் வெண்டைக்காயும் வைத்தார். சாப்பிட்டு முடித்த பிறகு ஹேகர், நிலம் யார் பெயரில் உள்ளது என்று கேட்டார். அம்மா, "புதைச்ச குழி காயல, அதுக்குள்ள புருஷனைத் தேடி வந்துட்டா" என்றார். அதற்கு ஹேகர், "நான் ஓடிப் போகலடி, என்னை வித்தாங்க. இத்தனை வருஷம் என் இடத்துல நீ படுத்திருந்த. எந்திரி" என்றார்.

இரண்டு கல்யாணமும் அடிமைக் காலத்தில் நடந்தவை, எதற்கும் பதிவு இல்லை; மனைவி என்று ஏற்கப்படுபவருக்கே நிலத்தில் உரிமை. தந்தை யாரை மனைவி என்றார் என்பதற்கு, நான் எழுதியது ஒன்றே காகிதம்.

இன்று காலை அம்மா, "நானே கதை கட்டி எழுதினேன்னு சொல்லிரு. எந்நேரமும் புத்தகத்தோட கிடக்கிற பிள்ளை, நம்புவாங்க" என்றார். நான் அப்படிச் சொல்லவில்லை. சொற்கள் தந்தையுடையவை. எரிக்கச் சொன்னவரும் அவரே. எரிக்கச் சொன்னதற்கு வேறு சாட்சி இல்லை, அதைச் சேர்க்க வேண்டாம் என்று ஹேகரின் வழக்கறிஞர் கூறினார். நான் கேட்டுக்கொண்டதால் எழுத்தர் சேர்த்தார். எழுதும்போது சிரித்தார்.

மேலே உள்ளதை நானே படித்து, இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தினேன். எல்லாம் நடந்தபடியே உள்ளது. நான் மைனர் என்பதால் குடும்பத்துப் பெரியவர் ஒருவரும் ஒப்பமிட வேண்டும் என்றார்கள். அம்மா, "எனக்கு மக கிடையாதுன்னு எழுதிக்கோங்க" என்று சொல்லி வெளியே போய்விட்டார். அதன் பிறகு, தந்தையின் மனைவி என்ற உரிமையில், ஹேகர் குறியிட்டார்.

(ஒப்பம்) கெசையா டோல்சன்

X ஹேகர் டோல்சன், அவர் கைக்குறி