நெறஞ்சிருக்கு தாயி

உச்சிப் பொழுது. பேய்க்கு ராத்திரிதான் நேரம் என்று யார் சொன்னது? “வெயில்ல பேய் கறுத்துப் போயிடாதா?” என்று சிரிக்காதே ரெங்கம்மா. நெருப்புப் பக்கம் தள்ளி உட்கார்ந்து கேளு.

நம்ம தம்பையாவுடைய தாய்மாமன் அழகருக்கு நடந்தது இது. பதுளைக்கு ரயில் வராத காலம். கடலோரத்தில் உப்பு ஏற்றி, வெல்லவாயாவுக்கு மாட்டு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பாதை ஒரு காலத்தில் வயக்காடாம். ஏதோ சண்டையில் குளத்துக் கரையெல்லாம் உடைந்து, ஊரும் போய், மிஞ்சினது முள்ளும் புழுதியும்தான். ஆனை எலும்பு வெள்ளையாகக் கிடக்கும். குருவிகூடக் கத்தாது...

வண்டிக்காரர்கள் அங்கே ராத்திரியில்தான் போவார்கள். அன்றைக்கு அழகரின் வலத்து மாடு நொண்டியது. கூட வந்த வண்டிகள் முன்னால் போய்விட்டன. இவர் மட்டும் தனியாக... தலைக்கு நேரே வெயில். வண்டிக்கு அடியில் தண்ணீர்ப் பானை தொங்குகிறது. அடுத்த கிணறு வெல்லவாயாவில்தான்.

ஒரு பாலை மரத்தடியில் பொம்பளை ஒருத்தி. இடுப்பில் கைக்குழந்தை. கதிர்காமத்துக்குப் போய்த் திரும்புகிற தேயிலைத் தோட்டத்து ஆள், கூட்டத்தை விட்டுப் பிந்திப் போனவள் போலிருந்தாள். வண்டியை நிறுத்தச் சொல்லிக் கை காட்டிக்கொண்டே கிட்ட வந்தாள்.

“அண்ணே, புள்ளைக்கு ஒரு வாய் தண்ணி ஊத்துங்க.”

அழகர் நொண்டி மாட்டைப் பார்த்தார். இன்னும் கிடக்கிற பாதையைப் பார்த்தார். அரிசிப் பானை காலியானால் நாம் வாயால் ‘இல்லை’ என்போமா? நெறஞ்சிருக்கு என்றுதானே சொல்வோம்? காலி என்று அவள் எடுத்துக்கொள்ளட்டும் என்று அதையே சொன்னார்.

“பானை நெறஞ்சிருக்கு தாயி.”

பொய்யும் சொல்லவில்லை, தண்ணீரும் கொடுக்கவில்லை என்று உள்ளுக்குள் ஒரு கெட்டிக்காரத்தனம். அந்த நேரம் பார்த்து மாடு காலை மாற்றி வைத்தது. வண்டி ஆடியது. அடியிலே... களக்... களக்...

அவள் குனிந்து பானையைப் பார்த்தாள். பிறகு இவர் முகத்தைப் பார்த்தாள். கோபமே இல்லை.

“நெறஞ்சே இருக்கட்டும்ணே.”

அப்போதாவது இறங்கி ஊற்றியிருக்கலாம். முடியவில்லை. கையும் களவுமாகப் பிடிபட்ட வெட்கம். காதெல்லாம் எரிந்தது. அந்த வெட்கத்தை மாட்டு முதுகில் காட்டினார். வண்டி நகர்ந்துவிட்டது.

கொஞ்ச தூரம் போய்ப் பானையை இறக்கிக் குடித்தார். குடித்தார்... குடித்தார்... வயிறு முட்டியது. தொண்டை மட்டும் மணல் மாதிரியே இருந்தது. பானையைப் பார்த்தால், விளிம்பு வரைக்கும் தண்ணீர். வாளியில் ஊற்றி மாட்டுக்கு வைத்தார். இரண்டும் முகர்ந்து, புஸ்ஸென்று பின்வாங்கின. தானும் முகர்ந்தார்.

தாய்ப்பால் வாடை.

வண்டியைத் திருப்பினார். மரத்தடியில் யாருமில்லை. புழுதியில் அவள் காலடி வண்டி நின்ற இடம் வரைக்கும் வந்திருக்கிறது. அங்கிருந்து எந்தப் பக்கமும் போகவில்லை. “தாயி... தாயி...” என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பானையை அங்கேயே கவிழ்த்தார். மண் குடித்தது. மடக்... மடக்... குழந்தை அவசரமாக விழுங்குகிற சத்தம். இந்தத் தடவை பானை காலியானது.

அதற்குப் பிறகு அவர் உப்பு ஏற்றவில்லை. மடுல்சீமைத் தோட்டத்தில் பேர் பதிந்து மண்வெட்டி பிடித்தார். யார் தண்ணீர் கேட்டாலும் முகம் பார்க்காமல் ஊற்றுவார். ராத்திரியானால் லயத்து வீட்டு வாசலில் ஒரு செம்புத் தண்ணீர் வைப்பார். விடிந்தால் செம்பு காலி. பக்கத்து ஈர மண்ணில் சின்னப் பாதம்.

“நாய் குடிச்சிருக்கும் மாமா,” என்று தம்பையா கேலி பண்ணியிருக்கிறான்.

“நாய்க்கு அஞ்சு வெரலாடா?” அழகர் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

முதல் வருஷம் அந்தப் பாதம் உள்ளங்கைக்குள் அடங்கினதாம். போன மார்கழியில் தம்பையா தன் காலை அதன்மேல் வைத்துப் பார்த்தான். இவன் கால்தான் சின்னது.

இப்போதெல்லாம் ஒரு செம்பு போதுவதில்லை. கதவைத் தட்டுகிறதாம்.