மருதோண்டி காயுமட்டும்

ஹலோ... ஹலோ, அக்ரம்? ... ஓம், ஓம், ராத்தாதான். ... கேக்குது. ரெண்டு கையிலயும் மருதோண்டி. பக்கத்து ஊட்டு அப்ரா இப்பதான் வெச்சிட்டுப் போறா. போன உம்மாட கட்டில்ல வெச்சிட்டுக் கதைக்கிறன். ... உம்மா கண்ண மூடிப் படுத்திரிக்கா.

மலையால சுகமா இறங்கிட்டியா? ... அல்ஹம்துலில்லாஹ். கால் நோவு எப்பிடி? ... ம். ... ம்.

அப்ப எயார்போர்ட்டுக்கா போறாய்? ... எங்க? ... காத்மண்டுவிலயேவா? ... ஓம், பழைய டவுன். மலைக்குப் போக முன்னமும் அதத்தானே சுத்தினாய். ... பக்தபூர் வேறயா. ... ஓம், படம் வந்த. பார்த்தன். பூமி நடுங்கின நேரம் சாஞ்ச கட்டிடம், மரத்தால முட்டுக் குடுத்து வெச்சிரிக்கி. வடிவுதான்.

... இல்ல, ஒண்டுமில்ல. கேட்டுக்கொண்டுதான் இரிக்கன்.

தம்பி, நாளைக்கு என்ன நாள் எண்டு தெரியுமா?

... தெரியுமா. தெரிஞ்சிதான் பக்தபூர் பாக்கிறியா?

... பிளேன் இல்ல எண்டு சொல்லாத. நேத்து இரிந்த. இண்டைக்கும் இரிந்த. உன்ட வெள்ளைக்காரக் கூட்டாளி ஏறி வந்திட்டான். காலைல காத்தாடியும் பலகையுமாக் கடல்ல சறுக்கப் போறான், கண்டன். ரெண்டு பேரும் ஒண்டா மலையால இறங்கினம் எண்டு அவன்தான் சொன்ன.

...

சரி. சண்ட வேணாம். நீ வராட்டியும் பரவால்ல. மௌலவி அஸர் தொழுதிட்டு வந்து மண்டபத்தில இரிக்கார். சாஹுல் ஹமீது மாமாவும் இரிக்கார். பொண்ணுக்குப் பொறுப்பா நிண்டு குடுக்கிற வலியா மாமா நிக்க ஏலாது, உம்மாட தம்பிதானே. வாப்பா மௌத்து. வாப்பாட பக்கத்தில வேற ஆம்புளை இல்ல. எனக்கு நீ ஒருத்தன்தான். "என்ட ராத்தாவ முஸம்மிலுக்கு நிக்காஹ் முடிச்சிக் குடுங்க, எனக்குப் பதிலா உங்கள வக்கீலாக்கிறன்" எண்டு மௌலவிக்கு ஒரு சொல்லுச் சொன்னாப் போதும். நாளைக்கு லுஹருக்குப் பொறகு அவர் முடிச்சி வெப்பார்.

... ம்.

... ஓம், மனிசி மௌத்தான ஆள்தான். ரெண்டு புள்ளயளும் இரிக்கிதான். மதுரங்குளில இரும்புக்கட வெச்சிரிக்கார். இதெல்லாம் உனக்குத் தெரியாதா? பேசின நேரம் நீயுந்தானே பக்கத்தில இரிந்த. சிரிச்சி சிரிச்சி மச்சான் எண்டு கதைச்ச.

... இன்னொரு வருசமா? அக்ரம், எனக்கு வயசு முப்பத்தஞ்சி. முதல் வந்த சம்பந்தத்துக்கு நீ படிக்கிறன் எண்டாய். அடுத்ததுக்கு உம்மா விழுந்திட்டா. இப்ப என்ன?

...

... ஓ.

... அதச் சொல்லு. அதத்தான் கேக்கோணும் எண்டு இரிந்தன்.

இல்ல, எனக்கு விளங்கிச்சி. முஸம்மில் இந்த வீட்டுக்கு மாப்புளையா வந்து இரிந்திட்டா, வீட்ட உடைச்சி டூரிஸ்ட் ஆக்களுக்கு அறை அறையாக் கட்ட ஏலாது. வெள்ளைக்காரனுக்கு நீ சொல்லி முடிச்சிட்டாய், என்ன? எங்கட ஊர்ல வீடு பொம்புளப் புள்ளைக்கு எண்டது அவனுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

... நல்லா வரும், நல்லா வரும். கடல் முன்னால இரிக்கி. ஓம்.

... உம்மாவ எங்க விடுற?

... எலுவன்குளத்திலயா? பெரியம்மா ஊட்டிலயா? காட்டோரத்தில. ஆனை வாற ஊர்ல. எழும்பி நடக்க ஏலாத மனிசி. ...

... கத்தல்ல. நான் கத்தல்ல.

...

போகக்கொள்ள ஒரு கத சொன்னாய், ஞாபகமா? அந்த ஊர்ல ஒரு சின்னப் புள்ளைய சாமி எண்டு வீட்டுக்குள்ள வெச்சிரிக்காங்க, கால் மண்ணில படாது, யன்னலால எட்டிப் பாப்பா, பாக்க எல்லாரும் முத்தத்தில நிப்பாங்க எண்டு. பெரியவளானா வீட்டுக்கு அனுப்பிருவாங்க, பொறகு கட்டுறத்துக்கு ஆக்கள் பயப்பிடுவாங்க எண்டு. அதச் சொல்லிச் சிரிச்சாய். நானும் சிரிச்சன். அந்த யன்னலப் போட்டோ எடுத்தும் அனுப்பினாய்.

... ஒண்டுக்குமில்ல. சும்மா சொன்னன்.

... அழல்ல. அழ எனக்கு நேரமில்ல, உம்மாவுக்குப் பாலில பாண் தோய்ச்சிக் குடுக்கோணும்.

தம்பி. ஒண்டே ஒண்டு கேக்கிறன். சுத்தாமச் சொல்லு. நாளைய நிக்காஹுக்கு உனக்குச் சம்மதமா, இல்லையா?

...

விளங்கல்ல. சத்தமாச் சொல்லு.

... சம்மதமில்லையா? வீட்டுக்காகத்தானா? முஸம்மில்ல வேற ஒரு குறையும் இல்லையா?

... இல்ல. சரி.

கேட்டிச்சி, தம்பி. எல்லாருக்கும் கேட்டிச்சி.

... எல்லாரும் எண்டா, மௌலவியும் மாமாவும். போன் ஸ்பீக்கர்ல. மருதோண்டிக் கையால எப்பிடிடா போன காதில வெக்கிற? கட்டில்ல வெச்சிரிக்கன் எண்டு முதலே சொன்னன்தானே. மண்டபத்துக்கும் கட்டிலுக்கும் நடுவுல ஒரு சீலைதான் தொங்குது.

... பொறி ஒண்டும் வெக்கல்ல! நீ ஓம் எண்டு சொல்லுவாய், எல்லாரும் கேட்டுச் சந்தோசப்படட்டும் எண்டுதான் போட்டன். அல்லாஹ் மேல ஆணையா அதுக்குத்தான்.

... இப்ப மௌலவி அந்தப் பக்கத்தில இரிந்து சொல்றார். வலி நியாயமில்லாம மறுத்தா, நிக்காஹ் வழக்குத் தீர்க்கிற காழியார் அந்த எடத்தில நிண்டு முடிச்சி வெப்பாராம். மறுத்தது ரெண்டு பேருக்குக் கேட்டிரிக்கோணுமாம். கேட்டிரிக்கி.

... இனி ஏன் சம்மதம்? வெச்சிக்க. உன்ட ஊரப் பாரு. நல்லாப் பாரு.

... என்ன? ... உம்மாவா?

உம்மா எப்ப நித்திரை எண்டு சொன்னன்? கண்ண மூடிப் படுத்திரிக்கா எண்டுதான் சொன்னன். எலுவன்குளம் எண்ட நேரமே கண்ணத் துறந்திட்டா.

கதைக்கிறியா? ... இந்தா, கிட்ட இரிக்கா. "உம்மா" எண்டு ஒருக்காக் கூப்பிடு. ... அக்ரம்? ... ஹலோ? ... ஹலோ...

வெச்சிட்டான்.

மாமா... உள்ளுக்கு வாங்க. உம்மாட முகமெல்லாம் கண்ணீர், தொடைச்சி விடுங்க. எனக்கு இன்னும் கை காயல்ல.