காய்ச்சல் இறங்கிய பிறகு

எலிகளுக்கு இனிப்பு பிடிக்கும். கூண்டில் ஒரு குப்பியில் சர்க்கரைத் தண்ணீரும் இன்னொன்றில் வெறும் தண்ணீரும் வைத்தால், சர்க்கரைக் குப்பிதான் முதலில் காலியாகும். அழற்சியைக் கிளப்பும் பொருளை ஊசியில் ஏற்றினால் எலி காய்ச்சலில் சுருண்டுவிடும். காய்ச்சல் சீக்கிரம் இறங்கிவிடும். அதன் பிறகும் அதற்கு இரண்டு குப்பியும் ஒன்றுதான். மனச்சோர்வு சிலருக்கு உடம்பிலிருந்தே தொடங்குகிறதா என்று நாங்கள் அப்படித்தான் தேடிக்கொண்டிருந்தோம்.

நாங்கள் என்றால் நானும் லிஜாவும். என் ஊர் அதியன்னூர், அவள் ஊர் செங்கல். நெய்யாற்றின்கரையில் பஸ் ஏறித் திருவனந்தபுரம் ஆய்வகத்துக்குச் சேர்ந்தே போவோம். சபையும் ஒன்றுதான். என் அம்மா இறந்தபோது என் வீட்டில் தங்கி எனக்குச் சோறு ஊட்டியவள் அவள்.

அழற்சியை அடக்கும் மருந்தை எந்தக் கட்டத்தில் கொடுத்தால் எலி மறுபடியும் சர்க்கரையைத் தேடும் என்று கண்டுபிடித்தது நான். அவளிடம்தான் முதலில் சொன்னேன். கட்டுரை வெளிவந்தபோது எங்கள் வழிகாட்டி ரெத்தினதாஸ் சாரின் பெயரும் லிஜாவின் பெயரும் மட்டும் இருந்தன. நிரந்தர வேலையும் அவளுக்கே கிடைத்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள்.

ரெத்தினதாஸ் சார்மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் என் சிநேகிதர் அல்ல.

போன வருடம் லிஜாவுக்கு வைட்டமின் குறைவு என்று டாக்டர் வாராவாரம் ஊசி எழுதிக்கொடுத்தார். அவளுக்கு ஊசி என்றால் பயம். என்னைக் கூப்பிட்டாள்.

"நீ போட்டா வலிக்காது மக்கா."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவள் வீட்டுக்குப் போய்ப் போட்டேன். எலிகளுக்கு அழற்சியைக் கிளப்பக் கொடுத்ததை அதில் கொஞ்சம் கலந்தேன். அவள் உயிருக்கு ஒன்றும் வரக்கூடாது என்பதில் கவனமாகவே இருந்தேன்.

அவளுக்குக் காய்ச்சல் அடித்தது. அவள் கணவர் ரதீஷ், ஊரில் சுற்றும் பனிதான் என்றார். காய்ச்சல் விட்டது. அவள் பாடகர் குழுவுக்கு வருவதை நிறுத்தினாள். மகளுக்குத் தலை பின்னுவதை நிறுத்தினாள். ஒருநாள் சீனி போட்ட சாயாவும் போடாத சாயாவும் அவள் முன்னால் வைத்தேன். கைக்கு அருகில் இருந்ததை எடுத்துக் குடித்தாள். சீனி இல்லை என்பதே அவளுக்குத் தெரியவில்லை. இனி எனக்கு ஒரே ஒரு வேலைதான் பாக்கி. அடக்கும் மருந்தைக் கொடுத்து அவளை எழுப்ப வேண்டும். என் கண்டுபிடிப்பு என்னுடையதுதான் என்பதற்கு அவளே சாட்சியாக எழுந்து உட்கார்ந்திருப்பாள்.

அன்றைக்குத்தான் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"உன் பேர வெட்டினது சார் ஆக்கும், எப்சி. நான் எதுத்துக் கேட்டேன். உனக்கும் வேலை போவும்னாரு. நான் வாய மூடிற்றேன். அதுக்க தண்டனை ஆக்கும் இது."

நான் நம்பவில்லை. நோயுற்ற மனம் அப்படியெல்லாம் பேசும் என்று படித்திருக்கிறேன். அந்த வாரத்து ஊசியையும் போட்டுவிட்டுத்தான் கிளம்பினேன்.

அவள் சொன்னது நிஜம் என்று விசாரணையில் உங்களிடம் ரதீஷ் சொன்னாராம். இருக்கலாம். அடக்கத்தின்போது அவர் என் கையைப் பிடித்து அழுதார். "நீ ஒருத்தியாக்கும் வாரந்தோறும் அவளைப் பாக்க வந்தது" என்றார். ஆமாம் என்றேன்.

நான் மறைக்கவில்லை. கலந்தது நான், போட்டது நான். ஆனால் அடக்கும் மருந்து என் பையில் தயாராக இருந்தது. அடுத்த ஞாயிறே கொடுத்திருப்பேன். அதற்குள் சனிக்கிழமை அவளை நெய்யாற்றிலிருந்து எடுத்தார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பெயரை எடுத்ததைக்கூட நான் மன்னித்திருப்பேன். இப்படி என்னைப் பாதியில் விட்டுப் போனதை எப்படி மன்னிப்பது?