பக்கத்து ஷூ

“அங்கிள், உங்க காலைக் கொஞ்சம் என் ஷூ பக்கத்துல வைக்கிறீங்களா?”

சிங்ஹகட் கோட்டையின் மலையடிவாரம் போகும் பஸ்ஸில், என் முன் இருக்கையிலிருந்த கல்லூரிப் பையன் பக்கத்துப் பெரியவரைக் கேட்டான். ஸ்வார்கேட் பஸ் ஸ்டாண்டில் ஏறியதிலிருந்து, சுற்றிலும் கேட்ட மராத்திக்கு நடுவே, இருவரும் தமிழில்தான் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“எதுக்குப்பா?”

“போட்டோ எடுக்கணும். ஃப்ரெண்ட்ஸோட ட்ரெக் போறேன்னு அம்மாகிட்ட சொல்லியிருக்கேன்.”

“அவங்கல்லாம் எங்க?”

“போன வாரமே போயிட்டு வந்துட்டாங்க. என்கிட்ட சொல்லல.”

பெரியவர் குனிந்து, தளர்ந்திருந்த லேஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு காலை நகர்த்தி வைத்தார். பையன் இரண்டு ஜோடி ஷூக்களையும் சேர்த்துப் படமெடுத்தான்.

“எனக்கும் அதை அனுப்பிடுப்பா,” என்றார் பெரியவர். “கூட யார் வர்றாங்கன்னு என் பொண்ணும் கேட்டுக்கிட்டே இருக்கா.”