எச்சரிக்கைக்குக் கீழ ஒரு பேரு

காபி வேணாம் சார், நீங்களே குடிங்க. இத்தனை வருஷத்துல என் மேசைக்கு நீங்க காபி கொண்டு வந்ததே இல்ல, இன்னிக்கு மட்டும் என்ன வந்துச்சு? சுத்தி வளைக்காம விஷயத்தைச் சொல்லுங்க. ஆறு மணிக்கு நான் கிளம்பணும், எனக்காக ஒருத்தன் காத்துக்கிட்டிருக்கான்.

ஓ! புத்தகத்துல எல்லார் பேரையும் திரும்பப் போடணுமா? அட்டையிலயேவா? அதுவும் போன வருஷத் தேதி போட்டு, நாளைக்கு விசாரணைக்காரங்க வர்றதுக்குள்ளயா? அடேயப்பா! என் பேரு ரெண்டாவதா வேறயா? எங்க மேல திடீர்னு இவ்வளவு பாசம் பொத்துக்கிட்டு வருதே!

ஆமா, கூட்டா எழுதின புத்தகம்தான். யாரு இல்லைன்னா? ஆஸ்பத்திரியில கத்தி, கத்தரியெல்லாம் நீராவியில சுத்தம் பண்ற நம்ம மெஷினை எப்படிப் பழுது பாக்கணும்னு சர்வீஸ்ல இருந்த ஒவ்வொருத்தரும் சொல்லச் சொல்ல, நான் உக்காந்து எழுதினேன். ஒவ்வொரு எச்சரிக்கைக்குக் கீழயும் பொடி எழுத்துல, அதைச் சொன்னவர் பேரும் போன் நம்பரும் போட்டோம். பெருமைக்கா? வேலை பாக்குறவனுக்குச் சந்தேகம் வந்தா, சொன்னவரையே கூப்பிட்டுக் கேக்கட்டும்னுதான். அப்படிக் கேட்டுக் கை காலோட வீட்டுக்குப் போனவங்க எத்தனை பேருன்னு தெரியுமா? உங்களுக்கு எங்க தெரியப் போகுது, உங்க நம்பர்தான் அதுல இல்லையே.

நீங்க தலைமைக்கு வந்தீங்க. வந்ததும், என்னம்மா இது கல்யாணப் பத்திரிகை மாதிரி இத்தனை பேருன்னு எல்லார் முன்னாடியும் சிரிச்சீங்க. பேரையெல்லாம் எடுக்கச் சொன்னீங்க. பேரோட விட்டீங்களா? அடுத்த மாசமே, இந்த எச்சரிக்கையெல்லாம் யாரு சொன்னது, ஆதாரம் எங்கேன்னு கேட்டீங்க. அடப்பாவமே, சொன்னவங்க பேரை அழிச்சதே நீங்கதானே! ஆதாரம் இல்லைன்னு பாதி எச்சரிக்கையைத் தூக்கிட்டீங்க.

கமிட்டி முடிவா? எந்தக் கமிட்டி? நீங்க, உங்க நாற்காலி, உங்க மேசை, அந்தக் கமிட்டியா?

ஸ்பேனர் அண்ணனை ஞாபகம் இருக்கா? யாரா? நல்லாருக்கு! சர்வீஸ்ல இருந்தே ஓய்வு வாங்கினாரே, முழங்கை வரைக்கும் வெந்த தழும்போட, அவரு. மீட்டர் முள்ளு சில சமயம் ஆவி உள்ள இருக்கும்போதே இறங்கிடும், பூஜ்யம் காட்டினாலும் நம்பாதே, வடிகால் வால்வைத் திறந்து ஆவி வரலைன்னு கண்ணால பாத்துட்டு அப்புறம் கதவைத் தொடுன்னு சொன்னது அவருதான். நம்ம மீட்டரை நாமளே நம்பாதேன்னு எழுதினா எவன் வாங்குவான்னு அதையும் அடிச்சீங்க. வேணாம் சார்னு எழுதி அனுப்பினேன். டைப் பண்றதோட நிறுத்திக்கோம்மான்னு பதில் போட்டீங்க. அப்புறம் பளபளன்னு அட்டை, அதுல உங்க பேரு மட்டும். மேடையேறி கேடயம் வாங்கினீங்க. அந்தப் போட்டோ இன்னும் வாசல்ல தொங்குது. எங்களுக்கு நன்றின்னு ஒரு வரி? ஊஹூம்.

இப்ப அந்தக் கதவைத் திறந்து ஒருத்தன் மூஞ்சி வெந்து கிடக்குறான், உடனே உங்களுக்குக் கூட்டு ஞாபகம் வருது. மேடைக்கு நீங்க மட்டும், கூண்டுக்கு நாங்க எல்லாருமா? வெக்கமா இல்ல?

சத்தம் போடாதீங்க, எனக்கும் போடத் தெரியும். வேலையா? எடுத்துக்கோங்க. கூடவே அந்தக் காபியையும் எடுத்துட்டுப் போங்க.

என்ன சொன்னீங்க? கான்ட்ராக்ட் ஆளு, கவனமில்லாமத் திறந்திருப்பான்னு எழுதிடலாமா? வாயை மூடுங்க! அவன் கவனமாத்தான் இருந்தான். புத்தகத்தை விரிச்சு வெச்சு, வரி வரியா விரல் வெச்சுப் படிச்சான். முள்ளு பூஜ்யத்துக்கு வர்ற வரைக்கும் நின்னான். ரொம்ப சீக்கிரமா இறங்கிட்ட மாதிரி இருக்கேன்னு ஒரு சந்தேகம்கூட வந்துச்சாம். யாரையாவது கேப்போம்னு முன்னாடியும் பின்னாடியும் பக்கத்தைப் புரட்டினானாம். ஒரு நம்பர் இல்ல. திறந்துட்டான். உங்களுக்கு அவன் கான்ட்ராக்ட் ஆளு. பேரு என்னன்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா?

சரி, மணியாச்சு. பையை விடுங்க சார், விடுங்கன்னேன். ஒரு எழுத்து மாத்த மாட்டேன். எப்படி அச்சாச்சோ அப்படியே நாளைக்கு அவங்க முன்னாடி இருக்கும்.

எனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்னா கேக்குறீங்க? அவன் என் தம்பி சார். அவன்தான் காத்துக்கிட்டிருக்கான், ரெண்டு கண்ணுலயும் கட்டோட. நீ எழுதின புத்தகம்னு நம்பித்தான் திறந்தேன்க்கான்னு நேத்து சொன்னான். எனக்கு உசுரே போயிடுச்சு. இல்லடா, அட்டையில என் பேரு இல்லடான்னேன். அப்ப யாரு பேரு இருக்கு, படின்னான்.

படிச்சேன். ஒரே பேருதான் இருந்துச்சு.