பாதி மருந்து

காரைக்குடித் தண்ணீர் மீன் வளர்க்க நல்ல தண்ணீர். உப்பு குறைவு. டீச்சர் வீட்டுத் தொட்டியில் மீன்கள் அவ்வளவு பெரிதாக வளர்ந்ததற்கு அதுதான் காரணம், என் கைராசி ஒன்றுமில்லை.

நீங்களே பார்த்தீர்கள் சார், ஆரஞ்சு உடம்பில் கறுப்புப் பட்டை போட்டது. லோச் என்போம். டீச்சரின் மகன் ஆன்றோ கல்லூரியில் படிக்கும்போது வாங்கி விட்டவை. அவன் திருப்பத்தூர் போகும் வழியில் லாரி மோதி இறந்துபோனான். நான் அவனைப் பார்த்ததில்லை. மில்லில் இரவு ஷிஃப்டை விட்டுவிட்டு மீன் கடையில் சேர்ந்த பிறகுதான் அந்த வீட்டுக்கு முதல்முறை போனேன். மீன்களின் மேல் ரவை தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். மரிய அனிதா டீச்சர் தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு, ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருப்பவர்போல உட்கார்ந்திருந்தார்.

மருந்து கலந்துவிட்டுக் கிளம்பியவனை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார். மில் வேலையைப் பற்றிக் கேட்டார்.

"இதுகளும் ஒன்னய மாதிரித்தாம்ப்பா. ராத்திரி முழிச்சுக்கிட்டு, பகல்ல ஒருக்களிச்சுப் படுத்துக்கிரும். செத்துருச்சோன்னு எனக்கு ஈரக்குலை நடுங்கும்" என்று சிரித்தார்.

மீன் குணமானதும் தொட்டியோடு கோயம்புத்தூரில் மகள் சினேகா வீட்டுக்குப் போய்விடப் போவதாகவும் சொன்னார். நோயோடு கொண்டுபோனால் வழியிலேயே செத்துவிடும் என்றேன். அது உண்மை.

அந்தப் புள்ளி ஓர் ஒட்டுண்ணி. மீனின் தோலுக்குள் இருக்கும்வரை எந்த மருந்தும் அதைத் தொடாது. தின்று கொழுத்து, உதிர்ந்து, அடியில் கிடக்கும் கூழாங்கல்லில் பெருகி, அடுத்த மீனைத் தேடி நீந்தும்போதுதான் சாகும். லோச்சுக்குத் தோல் மெல்லியது. முழு அளவு கொடுத்தால் புள்ளியோடு மீனும் போய்விடும். அதனால் பாதி அளவு, கூடுதல் நாள். புள்ளி மறைந்த பிறகும் நிறுத்தக் கூடாது. இதையெல்லாம் டீச்சரிடம் சொன்னேன், கடைசியாகச் சொன்னதைத் தவிர.

புள்ளி மறைந்தது. மருந்து போதும் என்றேன். திரும்ப வந்தது. நானும் திரும்பப் போனேன்.

அந்த வீட்டில் எனக்கென்று ஒரு தட்டு வந்தது. ஆன்றோவின் சட்டைகளை எடுத்துக் கொடுத்தார். தோள் எனக்குச் சரியாக இருந்தது. சினேகா போனில் அம்மாவைக் கேலி செய்வார்.

"ஏம்மா, மீனுக்கு வாக்கப்பட்டுட்டியா?"

"ஆமாடி. ஒங்கப்பா மாதிரி எதுத்துப் பேசாதுல்ல."

ஒருமுறை நான் சொல்லாமலே டீச்சர் மருந்தைத் தொடர்ந்து விட்டிருக்கிறார். மீன்கள் சுத்தமாகிவிட்டன. பெட்டி கட்டத் தொடங்கினார். என் அறையில் ஒரு வாளியில் நோய் பிடித்த மீன்கள் சிலவற்றை வைத்திருந்தேன். கடையில் தூக்கிப் போடச் சொன்னார்கள், எனக்கு மனம் வரவில்லை. அந்த வாளியிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினேன். ஒரு டம்ளர்தான். பட்ட உடம்பில் மறுபடி பட்டதால் பெரும்பாலானவை தாங்கவில்லை. ஒவ்வொன்றாக எலுமிச்சைச் செடிக்கு அடியில் புதைத்தோம். குழி நான்தான் தோண்டினேன்.

கடைசியில் ஒன்று மிஞ்சியது. இரை தின்னும்போது சொடக்குப் போடுவதுபோல அது சத்தம் எழுப்பும். ஆன்றோ கூப்பிடுகிறான் என்பார் டீச்சர். முதலில் சிரித்துக்கொண்டு சொன்னார், பிறகு சிரிக்காமல் சொன்னார். லாக்கப்பிலும் எனக்கு அது கேட்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது விரலைச் சொடுக்குகிறார்களா என்று நேற்று கான்ஸ்டபிளிடம் கேட்டேன். அந்தப் பக்கம் வெறும் இடம் என்றார்.

சினேகாவுக்குப் பொறுமை போய்விட்டது. மீனை அந்தப் பையனிடம் விட்டுவிட்டு நீ மட்டும் வா என்றார். டீச்சரும் சரி என்றுவிட்டார்.

டீச்சருக்கு ரத்த அழுத்தம் உண்டு. கண்ணில் புரை, மாத்திரையை நான்தான் எடுத்துக் கொடுப்பேன். அவருக்கும் மெல்லிய உடம்பு. பிளேடால் பாதியாக வெட்டினேன். டாக்டர் குறைக்கச் சொன்னார் என்றேன். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பிள்ளைகளின் பொய்யைப் பிடித்தவர், என்னை நம்பினார். என் சட்டைப் பையிலிருந்து நீங்கள் எடுத்தீர்களே, அவை மீதிப் பாதிகள்.

தலைசுற்றல் வந்தது. பயணம் தள்ளிப்போனது. மறுபடியும் தள்ளிப்போனது. விஷம் வைத்தேன் என்று எழுதாதீர்கள். யாருக்கும் நான் எதையும் அதிகமாகக் கொடுத்ததில்லை. கால் வீங்கியபோது தைலம் தேய்த்துவிட்டேன். கஞ்சி வைத்துக் கொடுத்தேன். சொந்த மகள் செய்யவில்லை.

அன்று காலை என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"சினேகாட்டப் பேசிட்டேன். அங்குட்டுக் கீழ் வீடு காலியா இருக்காம். மீனையும் எடுத்துக்கிட்டு நீயும் வந்துருப்பா. எங்களுக்கு ஒன்ன விட்டா ஆளு யாரு இருக்கா?"

சரிங்க டீச்சர் என்றேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. அடுப்படிக்குப் போய்த் தண்ணீரும் மாத்திரையும் கொண்டுவந்தேன். வாங்கி விழுங்கிவிட்டு, தொட்டி முன்னால் போய் உட்கார்ந்தார். நான் கடையிலிருந்து மத்தியானம் வந்தபோது தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

கோயம்புத்தூர் இங்கிருந்து நெடுந்தூரம். பஸ்ஸில் அவர் உடம்பு தாங்க வேண்டும், முழு மாத்திரை அந்த மெல்லிய உடம்புக்கு ஆகாது, கிளம்புவதற்குள் கொஞ்சம் தேறட்டும் என்றுதான் அன்றைக்கும் பாதி கொடுத்தேன்.