அவிச்ச முட்டை

இல்லக்கா, நீங்க எந்திரிக்க வேணாம். இடம் மாத்தி உக்காந்தாலும் அதுங்க ரெண்டும் எங்கூட வந்து உக்காராது. அந்த முன் சீட்டுல, தலையக் கண்ணாடில சாய்ச்சுக்கிட்டு இருக்கே, ஆமா, அதுதான் சின்னது. பதினாலு வயசு. பக்கத்துல நெட்டையா இருக்கிறவன் அவ அண்ணன். நான் பெத்ததுங்கதான். பாத்தா அப்பிடித் தெரியல, இல்ல?

சண்டைன்னு சொல்ல முடியாதுக்கா. சண்டை போட்டாத்தான் பரவால்லியே.

அவங்கம்மாவுக்கு லீவு கிடைக்கல. நீங்களாவது கூட்டிட்டுப் போங்க, இன்னும் கொஞ்ச நாள்ல இதுங்க நம்மகூட வரவே வராதுன்னா. சரின்னு கடற்கரை ஓரமா ஒரு ஓட்டல்ல ரூம் போட்டேன். வயசுப் பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போறது இருக்கே, அப்பப்பா. நான் எந்திரிச்சு, குளிச்சு, கடலையும் பாத்துட்டு வந்துடுவேன், போர்வை அசையாது. போட்டோ எடுக்கலாம்னா மூஞ்சியத் திருப்பிக்கும். ரோட்டுல யாரோ எவரோன்னு பின்னால தள்ளி வரும். ஏண்டா, அப்பாகூட நடந்தா கிரீடம் இறங்கிடுமான்னு கேப்பேன். பெரியவன் சிரிப்பான். அதெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. சாயங்காலம் மூணு பேரும் சீட்டாடினோம். சின்னவ ஏமாத்தி ஏமாத்தியே ஜெயிச்சா.

நேத்துக் காலைலதான். அந்த ஓட்டல்ல காலைச் சாப்பாடு ரூம் வாடகையோட சேத்தி. வேணுங்கிறத நாமளே தட்டுல போட்டுக்கணும். நான் காபிக்கு நிக்கிறேன், யாரோ தோள்ல தட்டினாங்க. திரும்பினா எங்க முதலாளி. நான் கட்டில் பீரோ விக்கிற கடைல சேல்ஸ்மேன்க்கா. அவரு குடும்பத்தோட வந்திருக்கார். என்னப்பா, நீயும் இங்கயாங்கிறார். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அதுக்குள்ள வாசல் பக்கம் சத்தம்.

சூப்பர்வைசர் ஒரு பொண்ண நிறுத்தி வச்சிருக்கான். பையத் தொறக்கச் சொல்றான். உள்ள காகிதத்துல சுத்தி ரொட்டி, அவிச்ச முட்டை, வாழைப்பழம். ஒண்ணொண்ணா எடுத்து மேசைல வைக்கிறான், எல்லாரும் பாக்குற மாதிரி. ஆமாக்கா. அவதான்.

இங்க சாப்பிடலாம், எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னு எழுதிப் போட்டிருக்குல்ல, யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தாங்கன்னு கேக்குறான். அவ தலையத் தூக்கி அந்தக் கூடத்த ஒரு சுத்துப் பாத்தா. என்னையும் பாத்தா. யாரும் சொல்லல, நானாத்தான் எடுத்தேன்னா. குரல்கூட நடுங்கல.

முதலாளி எங்காதுல சொல்றார், யாரு பெத்த பிள்ளையோ, வளத்த லட்சணத்தப் பாருன்னு. கடைல அவரு எது சொன்னாலும் தலையாட்டிப் பழகின ஆளுக்கா நான். ஆமாங்க சார்னுட்டேன். அதோட விட்டேனா, சிரிச்சேன் வேற. நான் சொன்னது அவ நின்ன இடத்துக்குக் கேட்டிருக்காது. சிரிச்சது தெரிஞ்சிருக்கும்.

பெரியவன் தட்ட வச்சுட்டு விறுவிறுன்னு போனான். தங்கச்சி பக்கத்துல நின்னு, தன் பையையும் கவுத்தான். அதுலயும் முட்டைதான். ஒண்ணு உருண்டு கீழ விழுந்துச்சு, குனிஞ்சு எடுத்து மேசைல வச்சான். ரெண்டும் மன்னிப்புக் கேட்டுட்டு வெளிய போச்சு. நானு, முதலாளி காபி குடிச்சு முடிக்கிற வரைக்கும் அவர்கூடவே நின்னேன்.

ரூமுக்குப் போனா துணியெல்லாம் மடிச்சு வச்சிருக்காங்க. சின்னவ என் சட்டையையும் சேத்து மடிச்சிருந்தா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. பஸ் எத்தன மணிக்குன்னு பையன் மட்டும் கேட்டான்.

ஐயோ, வயசுக் கோளாறுன்னு சொல்லாதீங்கக்கா. கண்டிச்சு வைக்கிறதுக்கும் ஒண்ணும் இல்ல. அவளுக்கு முட்டையே பிடிக்காது. முத நாளே சொன்னா, வேணாம்ப்பா, அசிங்கமா இருக்குன்னு. மத்தியானம் வெளிய சாப்பிட்டா கட்டுபடியாகுமான்னு அதட்டி, தெனமும் கைல பையக் குடுத்து அனுப்பினதே நான்தாங்க்கா.